காட்டுப் படுதா

படம் போடுவதில் அந்த நாளைய ஈப்போவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வேறு யார் சொல்வது? பார்த்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேர் என் தொழில்காரர்கள், அவர்கள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருமா? அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடைப் பலகை, கோயில் சுவர், காலமான பெரியவர்களின் முகம், கல்யாணப் பந்தலுக்குத் தட்டி என்று நான் கை வைக்காத வேலை இல்லை. இதில் மனிதர்களை எழுதுவதுதான் பெரிய தலைவலி. ஈயச் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒருவர் தன்னை எழுதச் சொன்னார். நல்ல கறுப்பு. வெயில் பட்டால் அந்தக் கறுப்பில் நெற்றியோரம் ஒரு நீலம் தெரியும், அழகான முகம். கண்ணில் பட்டதை அப்படியே எழுதினேன். "என்னாய்யா, அடுப்புக்குள்ள கெடந்தவன் மாதிரி போட்டு வச்சிருக்க?" என்று சத்தம் போட்டு, ரோஜா நிறமாகத் திருத்தச் சொன்னார். முடியாது என்றேன். படத்தை வாங்காமலே போய்விட்டார். பிறகு அவருடைய மனைவி ஆளனுப்பி வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் புருஷன் முகம் தெரியுமல்லவா!

ஆனால் என்னைப் படக்காரனாக்கியது இந்த வேலைகள் எதுவும் இல்லை. ஒரு நாடகக் கம்பெனிக்கு, மேடைக்குப் பின்னால் தொங்கவிட நான் போட்ட காட்டுப் படுதா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சிறுவயது முதல் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த, அதாவது கத்தியால் பட்டையைக் கீறிப் பாலெடுத்துக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து பலகை எழுதத் தொடங்கியிருந்தேன். என் மனைவி தோட்டத்திலேயே இருந்தாள். அவளும் மரம் வெட்டுகிறவள்தான். வேலையாட்களுக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது, ஈப்போவில் எனக்கோ ஜவுளிக்கடை பாய் ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் சாக்குகளுக்கு நடுவே படுக்கை. ஆகவே எங்களுக்குள் ஒரு பேச்சு. தீபாவளிக்குள் தொழில் நிலைத்துவிட்டால் அவள் என்னிடம் வந்துவிடுவாள். நிலைக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்ப் பழையபடி மரம் வெட்ட வேண்டும். மாதம் ஒருமுறை நான் அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கங்காணி வழியில் நிறுத்தி, "என்னப்பா, எப்ப வர்ற?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்காகவே போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

படம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், ஏதோ ஒரு குருநாதரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்துக் கேட்பார்கள். அப்படி யாரும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் தூக்கிப்போட்ட பிஸ்கட் டின் மூடியிலிருந்து வந்தது. மூடியில் ஒரு ஓடை, ஒரு வெள்ளைக்காரன் வீடு, இரண்டு வாத்து. அதைப் பார்த்துக் கரியால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துச் சுவரில் எழுதினேன். துரை சுண்ணாம்படிக்கச் சொன்னார். வெள்ளைச் சுவர் கிடைத்ததே என்று மறுபடியும் எழுதினேன். ஈப்போவுக்கு வந்த பிறகு, பலகை எழுதும் ஒரு சீனர் கடைக்கு எதிரே போய் நின்றுகொள்வேன். கை நடுங்காமலிருக்க மணிக்கட்டுக்கு அடியில் அவர் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து எழுதுவார். என்னைக் கண்டால் "பிகி, பிகி!" என்று கையை வீசித் துரத்துவார். நகர்ந்து அடுத்த தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவர் சொல்லித் தரவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. தட்டையான துணியில் தூரத்தைக் காட்டுவது. கோடு போட்ட மாதிரி நேர் நிரையாக நட்ட ரப்பர் மரங்களுக்கு நடுவே விடியற்காலையில் நின்று பாருங்கள். பக்கத்து மரம் ஆள் பருமன் இருக்கும், அடுத்தது அதைவிடச் சிறுத்து, அதற்கடுத்தது இன்னும் சிறுத்து, கடைசியில் எல்லா மரமும் ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் புள்ளியைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். படித்துத் தெரிந்துகொண்டவர்களைவிட எனக்கு அது சுலபமாக வந்தது. இதில் எனக்கு ரொம்பவே கர்வம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக் கம்பெனியைப் பாய் வரவழைத்திருந்தார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, நோட்டீசும் கொடுத்தாயிற்று. சாமான்களைப் பிரித்தால், காட்டுப் படுதா கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டு முழுக்கக் கரைந்திருந்தது. படுதாவுக்குப் போடும் வர்ணம் மாட்டுத்தோல் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையில் கலந்தது, தண்ணீர் பட்டால் தீர்ந்தது கதை. முக்கியமான நாடகமோ, நாட்டை இழந்த ராஜா ராணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காட்டில் அலையும் கதை. காடு இல்லாமல் எப்படி ஆடுவது?

பாய் என்னிடம் வந்தார். "தம்பி, கம்பெனிக்காரரு தலையில கை வச்சு உக்காந்திருக்காரு. ஒரு காட்டுப் படுதா போடுவியா, மாட்டியா?"

"போடுவேன் பாய்."

"முன்ன பின்ன படுதா போட்டிருக்கியா?"

"ஒங்க கடைப் பலகை எழுதறதுக்கு முன்னாடி நான் பலகையும்தான் எழுதினதில்ல."

அவர் சிரித்து, என்னை அழைத்துக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் நிறுத்தினார். வாத்தியார் என்றால் கம்பெனிக்கு எல்லாமும் அவர்தான். கதை கட்டுவது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, ராஜா வேஷம் போடுவது, அடிப்பது எல்லாம். பருத்த உடம்பு, பாடிப் பாடிக் கரகரத்த குரல். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காடுன்னா என்னன்னு தெரியுமா தம்பி? பெரிய மரம், கொடி, மான், மயிலு. பார்த்தா சனங்களுக்கு நெஞ்சு பதறணும். எங்கே, போட்டுக் காட்டு" என்றார். ஒரு சாக்கைப் பிரித்துப் போட்டு, அதில் சுண்ணாம்பாலும் கரியாலும் பத்துப் பன்னிரண்டு மரம் எழுதினேன். முன்னால் பெரிது, உள்ளே போகப் போகச் சிறிது. அவர் குனிந்து, சாக்குக்குள் கையை விடப் போகிறவர்போல் கையை நீட்டினார்.

"இந்தத் தூரத்தை எங்கே புடிச்ச? எங்க ஊரு பெயிண்டருக்கு இது வராதே!"

தொழில் ரகசியத்தை யாராவது சொல்வார்களா?

"சரி, இது நின்னுருச்சுன்னா அரமனை, தெரு, நந்தவனம் எல்லாப் படுதாவும் இனிமே உனக்குத்தான். கம்பெனியோடயே வந்துரு. இங்கேருந்து தைப்பிங், பினாங்கு, பெறகு கப்பலேறி நம்ம ஊரு. நிக்கலைன்னு வையி, ஈப்போவுல எவனும் உன்னை நம்பித் துணி குடுக்கமாட்டான். நானே சொல்லிட்டுத்தான் போவேன்."

"நிக்கும்" என்றேன்.

கம்பெனியோடு ஊர் ஊராகப் போவதைப் பற்றி மட்டும் நான் மனைவியிடம் சொல்லவில்லை. படுதா நிற்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில், போகவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது, அவளை விட்டுவிட்டா என்றும் இருந்தது.

வேலையைப் பாயின் கிட்டங்கியில் வைத்துக்கொண்டேன். காடாத் துணியை அகலம் அகலமாகத் தைத்துத் தரையில் விரித்தேன். வஜ்ஜிரத்தைக் காய்ச்சினால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும். அதில் சுண்ணாம்புப் பொடியைக் கரைத்து முதல் பூச்சு. காய்ந்ததும் சாயம் தோய்த்த நூலை இழுத்துத் தெறித்துக் கோடுகள். பச்சை, காவி, கரி, நீலம் எல்லாம் கொட்டாங்கச்சிகளில் கலந்து வைத்திருந்தேன். இந்த வர்ணத்தில் ஒரு சூது இருக்கிறது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வெளுத்துப்போய் வேறு நிறம். துணியைப் பார்த்து நிறம் போடக்கூடாது, காய்ந்த பிறகு எப்படியிருக்கும் என்பதை மனதில் பார்த்துப் போடவேண்டும். வேலை ஓடும்போது நான் யோசிப்பதே இல்லை. யோசிப்பதெல்லாம் அதற்கு முன்னால். பிரஷ் கைக்கு வந்துவிட்டால் கைதான் முதலாளி, நான் கூலி.

கஷ்டம் ஒன்றே ஒன்று. துணி பெரிது, கிட்டங்கி சிறிது. ஒரு பக்கத்தைப் போட்டு முடித்துக் காயவைத்துச் சுருட்டினால்தான் அடுத்த பக்கத்தை விரிக்க முடியும். மேலே ஏறிப் பார்க்கலாமென்றால் கூரை தலையில் இடித்தது. அந்தப் படுதாவை முழுசாக நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கொட்டகைக்கும் சுருட்டியபடியே போய் மேலே ஏறிவிட்டது, நான் மரம் மரமாகத்தான் பார்த்தேன். ஒவ்வொரு மரமும் பிரமாதமாக இருந்தது. மானும் மயிலும் பேசாத குறை.

கொட்டகைக்காரர்கள், தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாளாகப் பார்த்துப் பகல் ஆட்டம் வைத்திருந்தார்கள். அன்று அங்கே வேலை இல்லை. செமோர்ப் பக்கத்திலிருந்து லோரிகளில் சனங்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் தோட்டத்து லோரியும் வந்தது. என் மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் தரை டிக்கெட்டில், எங்கள் லயத்து ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். அரண்மனைப் படுதா விழுந்ததும், "இதுவா நீங்க போட்டது?" என்று என் விலாவில் இடித்தாள்.

"இது பழசு. பேசாம பாரு, என்னது வரும்."

ராஜா நாட்டை இழந்தார். அரண்மனை மேலே சுருண்டு போனது. ஆர்மோனியம் அழுதது. என் படுதா இறங்கியது.

என் வாழ்க்கையில் அவ்வளவு வேர்த்ததில்லை. இருட்டடித்த கொட்டகையின் காஸ் லைட் வெளிச்சத்தில், அத்தனை தூரத்திலிருந்து, முதன்முறையாக முழுப் படத்தையும் பார்க்கிறேன். காடு எங்கே? மரமெல்லாம் நேர் நிரை. நூல் பிடித்து நட்ட மாதிரி முன்னிருந்து பின்னால் போய் ஒரு புள்ளியில் சேருகின்றன. மரப்பட்டைக்கு நிழல் கொடுப்பதற்காக நான் இழுத்த இழுப்பு, ஒவ்வொரு மரத்திலும் இடுப்பு உயரத்தில், ஒரே சாய்வில், இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கத்தி பிடித்து வெட்டிய அதே இழுப்பு. இத்தனை வருஷம் எந்த மரத்தின் முன்னால் நின்றாலும் இந்தக் கை செய்தது அதைத்தானே? துணியிலும் அதையே செய்து வைத்திருந்தது. மேடையில் நின்றது ஒரு பால் மரத் தோட்டம். அதற்கு நடுவே ஒரு மான், ஒரு மயில்.

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அண்ணே, இது எந்தத் தோட்டம்ண்ணே?"

குபீரென்று சிரிப்பு. "வெட்டி முடிச்சிட்டாங்கப்பா, பாலெடுக்க ஆள கூப்புடு!" என்றான் ஒருவன். "தொர இன்னும் மானைச் சுடாம விட்டுவச்சிருக்கானே!" என்றான் இன்னொருவன். எங்கள் லயத்து ஆட்களோ என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கங்காணியின் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தொழில் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வைத்த கண் வாங்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ராணி வந்தாள். பெண் வேஷம் போட்டது ஒரு பையன்தான் என்றாலும் நல்ல குரல், நல்ல நடை. ராஜா முன்னே நடக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு மரத்துக்கு மரம் தடுமாறிக்கொண்டு வந்தாள். பாடிக்கொண்டே ஒரு மரத்தடியில் உட்காரப் போனாள்.

"அங்க உக்காராத தாயி, அட்டை ஏறும்!" என்று எங்கிருந்தோ ஒரு பெண் குரல்.

யாரோ களுக்கென்றார்கள். "சிரிக்காதீங்கலா, பாட்டு கேக்கல" என்று யாரோ அடக்கினார்கள். ராணி பிள்ளையைக் கீழே இறக்கினாள்.

"ஐயோ, புள்ளய கீழ விடாத, பூரான் கெடக்கும்!"

அந்தப் பையன் என்ன நினைத்தானோ, சட்டென்று பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, காலடியைப் பார்த்தான். அவ்வளவுதான், கொட்டகையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று ஒருத்தி சொன்னாள். "ராஜா, கங்காணிய போயி பாரும்யா, பேரு பதியச் சொல்லும்" என்றார் ஒரு பெரியவர், நிஜமாகவே. நானும் எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கிறேன். ஆலமரமும் கொடியும் தொங்கும் காட்டில் ராணி அழுதால் சனங்கள் பாட்டை ரசிப்பார்கள், ஒன்ஸ்மோர் கேட்பார்கள். அந்தக் காட்டில் ராணிக்கு என்ன கஷ்டம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இது அவர்களுக்குத் தெரிந்த இடம். கப்பலிலிருந்து இறங்கி, கைப்பிள்ளையோடு, எங்கே போவதென்று தெரியாமல் முதல் நாள் அவர்கள் நின்ற இடம். மேடையில் நின்றவள் ராணியே இல்லை, புதுசாக வந்த ஆள்.

ராணி மரத்தில் சாய்ந்துகொண்டு, போக்கிடம் இல்லையே என்று பாடினாள். என் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து நின்றாள்.

"எங்க லயத்துக்கு வந்துரு தாயி! எங்க வூட்டுல ஒரு ஆளு எடம் சும்மாத்தான் கெடக்கு!"

எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு அப்போது நினைப்பில் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு வாயா இல்லை? அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பிடித்த கையை ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

முடிந்ததும் உள்ளே போனேன். வாத்தியார் ராஜா வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி அரிதாரம், பாதி வேர்வை. "மரத்தையெல்லாம் அழிச்சு வேற போட்டுத் தர்றேன் வாத்தியாரே" என்று நான் தொடங்கினேன்.

"தொட்டியோ, கையை ஒடிச்சிருவேன்!" என்று துண்டை வீசினார். "முப்பது வருசமா ஆடுறேன். ராணிக்கு வீடு குடுக்கிறேன்னு ஒரு கொட்டகையில எவளும் எந்திரிச்சதில்ல. இந்தச் சீமையில போற ஊருக்கெல்லாம் இதுதான் காடு. மூட்டையைக் கட்டு, தைப்பிங்குக்கு எங்களோட கிளம்புற."

எவ்வளவு நாள் ஏங்கிய வார்த்தை! அது காதில் விழுந்தபோது, எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் அந்த ஒரு ஆள் இடம்தான் நினைவுக்கு வந்தது.

"எல்லாப் படுதாவும் போடுறேன். துணியை இங்க அனுப்புங்க, போட்டு ரயில்ல ஏத்திவிடுறேன். நான் வரல."

"கம்பெனிப் பெயிண்டரு கம்பெனியோட இல்லாம?"

"ஈப்போவுலதான் இருப்பேன்."

"உனக்குத் திமிரு ஜாஸ்தி."

"தெரியும் வாத்தியாரே."

முறைத்தார். பாய் இடையில் வந்து, கிட்டங்கியின் பின்சுவரை இடித்து நீட்டித் தருவதாகவும், அடுத்த படுதாவையாவது நான் முழுசாகப் பார்த்துப் போடலாம் என்றும் சொன்னார். வாத்தியார் சிரித்துவிட்டார். நந்தவனத்தை எப்போது தருவாய் என்று அவர் கேட்டபோதே தொழில் நிலைத்துவிட்டது.

வெளியே எங்கள் தோட்டத்து லோரி புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. என் மனைவி ஏறாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அழுத முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"எல்லாப் படுதாவும் நாந்தான்."

"அப்ப கம்பெனியோட போறீங்க." கேள்வியாகக் கேட்கவில்லை. கம்பெனிப் படக்காரர்கள் ஊர் ஊராகப் போய்த்தான் பிழைப்பார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"போகல. இங்கதான்."

என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். எனக்கு அறை கிடையாது, சட்டி பானை கிடையாது, சாக்கு நாற்றம் அடிக்கும் ஒரு மூலைதான் இருந்தது. அதெல்லாம் அவளுக்கும் தெரியும். லோரிக்காரன் ஹாரன் அடித்தான். மேலேயிருந்து ஒருத்தி கையை நீட்டி, "ஏறு புள்ள, நேரமாவுது! காலையில பெரட்டுல பேரு கூப்புட்டா யாரு போயி நிக்கிறது?" என்று கத்தினாள்.

என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"கங்காணிகிட்ட சொல்லிருங்க, எனக்குப் பதிலா அந்த ராணி வருவான்னு."